இரு நண்பர்களின் ஏக்கம்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் ஒரு பேச்சை முடித்துவைப்பதற்கே பயன்படுத்துகிறோம். மகனோ மகளோ நண்பரின் வீட்டைப் பற்றி ஏக்கத்துடன் ஏதேனும் சொல்லத் தொடங்கினால் இப்பழமொழி உடனே நம் உதவிக்கு வருகிறது. அவனுக்கு உன் வாழ்க்கை இனிக்கிறது, உனக்கு அவன் வாழ்க்கை இனிக்கிறது, ஆகவே உள்ளதைக் கொண்டு மகிழ்ந்திரு என்று கூறிவிடுகிறோம். பிள்ளையும் அமைதியாகிவிடுகிறது. அது சொல்ல வந்தது என்ன என்பது மட்டும் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வளரிளம் பருவத்து நண்பர்கள் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் எண்ணி ஏங்குவது குற்றமும் அன்று, அறியாமையும் அன்று என்பது என் கருத்து. அந்த ஏக்கத்தைப் பொறுமையாகக் கேட்டால், தமக்கு இல்லாதது எது என்பதை அவர்கள் பெரியவர்களைவிடத் தெளிவாக உணர்ந்திருப்பது புலப்படும். ஆயினும் பழமொழி நம்மை நம்பவைப்பதுபோல், வசதியுள்ள பிள்ளையின் ஏக்கமும் வசதியற்ற பிள்ளையின் ஏக்கமும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒன்றைத் தீர்ப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. மற்றொன்றைத் தீர்க்கச் சமூகமும் அரசும் வங்கிகளும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் இரு பிள்ளைகளுக்கும் நாம் தவறிழைத்தவர்களாவோம்.

ஒரே வகுப்பு, இரு வீடுகள்

மும்பை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கு மாட்டுங்காவும் தாராவியும் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகள். அலுவலகப் பணிகளுக்காக வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாட்டுங்காவில் பல தலைமுறைகளாகக் குடியிருக்கின்றன. மும்பைவாழ் தென்னிந்தியர் 1932-ஆம் ஆண்டிலேயே தமக்கெனக் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். தாராவிக்குத் தமிழர் வருகை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலோடு தொடங்கியது. பின்னர் பல தொழில்கள் அங்கே வேரூன்றின. தாராவியில் விடியுமுன் அவித்த இட்லிகள் மிதிவண்டிகளில் ஏறி, ஊதுகுழல் ஒலியோடு நகரத் தெருக்களில் வலம் வருவதை மும்பைவாசிகள் அறிவர். மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிப்பவை மத்திய ரயில்வேயின் இருப்புப்பாதையும் சில சாலைகளுமே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

இவ்விரு பகுதிகளிலிருந்தும் வந்து, ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் அமர்ந்து பத்தாம் வகுப்புப் படிக்கும் இரு நண்பர்களைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டியதில்லை. இத்தகைய இருவரை எந்த ஊரின் பள்ளியிலும் காணலாம். ஒருவன் தாராவியில் இட்லி வணிகம் செய்பவரின் மகன். பத்துக்குப் பத்து அளவுள்ள அறையும் மேலே ஒரு பரணும் அவன் வீடு. மற்றவன் மாட்டுங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நிறுவன அலுவலர் ஒருவரின் மகன். அவனுக்குத் தனியறை உண்டு. எதிரே பூங்காவும் உண்டு.

இட்லி வணிகரின் மகன் நண்பனிடம் கண்டு ஏங்குவது எது? கைப்பேசி, காலணி, மிதிவண்டி என்று நாம் எண்ணுவோம். அவையும் இருக்கலாம். ஆனால் அவனைக் கேட்டால், முதலில் அவன் சொல்வது தாழிடக்கூடிய ஒரு கதவாக இருக்கும். அடுத்தது உறக்கம். அதிகாலை நான்கு மணிக்கு முதல் ஈடு கொப்பரையில் ஏறும் வீட்டில், ஐந்து மணிக்கு எவரும் உறங்கிக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவதாக ஒன்றைச் சொல்வான்: தவறு செய்யும் வசதி. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நண்பனுக்கு இன்னொரு பயிற்சி வகுப்பு கிடைக்கும். நுழைவுத் தேர்வில் தோற்றால் இன்னும் ஓராண்டு கிடைக்கும். தனக்கு ஒரே முறைதான் என்பதை அவன் பதினைந்து வயதிலேயே அறிந்திருக்கிறான்.

அலுவலர் மகன் நண்பனிடம் கண்டு ஏங்குவது வேறு. இரவு மாவு அரைத்து முடிந்ததும், “நாளைக்கு எத்தனைடா வைக்கலாம்?” என்று நண்பனின் தந்தை தம் மகனிடம் கேட்பதை அவன் ஒரு நாள் பார்த்திருக்கிறான். நாளை விடுமுறை, ஆகவே நூறு குறைத்து வையுங்கள் என்று மகன் சொல்கிறான். தந்தை அதை ஏற்கிறார். தன் வீட்டில் அவனிடம் எவரும் எதையும் இவ்வாறு கேட்பதில்லை. காலை எழுவது முதல் இரவு உறங்குவது வரை அவனுடைய ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறொருவர் நிரப்பி வைத்திருக்கிறார். நண்பனின் தெருவில் மாலையில் இறங்கினால் பேச்சுக்கு ஆள் உண்டு, கிரிக்கெட்டுக்கு அணி உண்டு. அவனுடைய கட்டடத்தில் மின்தூக்கிக்குள் சந்திப்பவர்கள் புன்னகை செய்வதோடு சரி. எல்லாம் இருந்தும், தான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எந்த வேலையும் நிற்காது என்ற எண்ணம் அவனை வருத்துகிறது.

வரவு மட்டும் தெரியும் பக்கம்

இவ்விருவரும் காண்பது பொய்யா? இல்லை. கதவு உண்மையாகவே இருக்கிறது. தந்தையின் கேள்வியும் உண்மையாகவே இருக்கிறது. ஒருவன் மற்றவனிடம் காணும் நன்மை கண்மயக்கு அன்று. ஆனால் இருவரும் காண்பது கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தை மட்டுமே. பற்றுப் பக்கம் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

தந்தை தன்னிடம் கேட்கும் கேள்விக்கு இட்லி வணிகரின் மகன் கொடுக்கும் விலை, அன்றாடம் இரண்டு மணி நேர உறக்கம். மழைக்காலத்தில் விற்பனை குறைந்தால் அந்தக் கவலையும் அவனுடையதாகிவிடுகிறது. தாழிடக்கூடிய கதவுக்கு அலுவலர் மகன் கொடுக்கும் விலை, அக்கதவுக்கு வெளியே காத்திருக்கும் எதிர்பார்ப்பு. இவ்வளவு செய்துகொடுத்தோமே என்று வீடு சொல்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விலையை அறிந்தால் ஏக்கம் அடியோடு மறைந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் நண்பனின் வாழ்வை மதிக்கக் கற்றுக்கொள்வதற்கு அதுவே முதற்படி.

அருகிலிருப்பவரோடுதான் மனிதர் தம்மை ஒப்பிட்டுக்கொள்வர் என்பது உளவியல் கண்டறிந்த உண்மை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பீட்டுக் கோட்பாட்டின் மையக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. பெருஞ்செல்வரின் மாளிகையைத் தொலைக்காட்சியில் கண்டு எந்த மாணவனும் இரவெல்லாம் விழித்திருப்பதில்லை. அதே வகுப்பில் படிப்பவன், அதே ஆசிரியரிடம் திட்டு வாங்குபவன், தன்னைப் போலவே கணக்கில் தடுமாறுபவன் வேறுவிதமாக வாழும்போதுதான், எனக்கும் அது ஏன் இல்லை என்ற கேள்வி எழுகிறது. நட்பு நெருக்கமாக இருப்பதன் அடையாளமாகவே இந்த ஏக்கத்தைக் கொள்ள வேண்டும்.

இரண்டும் சமம் என்னும் ஆறுதல்

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஏழைக்கு ஒரு துன்பம், செல்வனுக்கு ஒரு துன்பம், ஆகவே கணக்கு நேராகிவிட்டது என்று கூறும் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். வசதியுள்ளவர்களுக்கு அவை மிகுந்த ஆறுதலைத் தருகின்றன. குடிசையில் மகிழ்ச்சி இருக்கிறது என்று கேள்விப்பட்டால், குடிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய பொறுப்பு குறைந்துவிடுகிறது அல்லவா?

இரு நண்பர்களும் ஓராண்டு இடம் மாறி வாழ்வதாக எண்ணிப் பாருங்கள். மார்க் ட்வெயின் 1881-இல் வெளியிட்ட ‘இளவரசனும் ஏழையும்’ என்னும் புதினத்தின் கரு இதுவே. அதில் இளவரசன் தெருவில் அலைந்து துன்புற்று, பின்னர் அரியணைக்குத் திரும்புகிறான். பட்ட துன்பம் அவனை இரக்கமுள்ள அரசனாக்குகிறது. நம் அலுவலர் மகனும் ஓராண்டு தாராவியில் வாழ்ந்து திரும்பினால், அந்த அனுபவம் அவனுக்குப் பெரும் பாடமாக அமையும். கல்லூரி விண்ணப்பத்தில் அதைப் பெருமையோடு எழுதிக்கொள்ளவும் செய்யலாம். இட்லி வணிகரின் மகன் ஓராண்டு மாட்டுங்காவில் வாழ்ந்து திரும்பினால் அவனுக்குக் கிடைப்பது என்ன? ஒருவேளை நல்ல மதிப்பெண். அதன் பிறகு மீண்டும் அதே அறை, அதே நான்கு மணி. திரும்பிச் செல்ல ஓர் இடம் உள்ளவனுக்கே வறுமை பாடமாகிறது.

நம் நாட்டின் புள்ளிவிவரமும் இதைக் கூறுகிறது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களுள் ஏறத்தாழ 41 விழுக்காடு ஓரறை வீட்டிலோ, தனக்கெனத் தனியறை ஒன்றும் இல்லாத நிலையிலோ வாழ்ந்தன. அதே கணக்கெடுப்பில், பெருநகர மும்பையின் மக்களில் ஐந்தில் இருவர் குடிசைப் பகுதிகளில் வாழ்வோராகப் பதிவாகினர். தாழிடக்கூடிய கதவுக்காக ஏங்கும் மாணவன் தனியொருவன் அல்லன். அவன் நாட்டின் ஐந்தில் இரு வீடுகளுக்காகப் பேசுகிறான்.

பொறாமையா, ஏக்கமா?

பொறாமை என்னும் தமிழ்ச் சொல்லின் பொருள் பொறுக்க இயலாமை என்பதாகும். பிறர் பெற்ற நன்மையைக் கண்டு பொறுக்க மாட்டாத மனநிலை அது. திருக்குறளில் பொறையுடைமை என்னும் 16-ஆம் அதிகாரத்தை அடுத்து அழுக்காறாமை 17-ஆம் அதிகாரமாகவும், பிறர் பொருளைக் கவர எண்ணாமையைக் கூறும் வெஃகாமை 18-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இவை மூன்றும் பொருட்பாலில் இல்லை, இல்லறவியலில் இருக்கின்றன என்பது நாம் கருதத்தக்கது. பிறர் வாழ்வைக் கண்டு மனம் புழுங்கும் சிக்கல் பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதைக் கையாள வேண்டிய முதல் இடம் இல்லமே.

நண்பனிடம் உள்ளது அவனுக்கு இல்லாமற் போகட்டும் என்று எண்ணுவது ஒன்று. அது எனக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணுவது வேறொன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இவ்விரண்டையும் வெவ்வேறு உணர்வுகளாகப் பிரித்துக் காட்டினார். முன்னதைத் தாழ்ந்தோரின் உணர்வு என்றும், பின்னதை மேன்மை நாடுவோரின் உணர்வு என்றும் அவர் கருதினார். நம் இரு மாணவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பின்னதே. அதைப் பொறாமை என்று பெயரிட்டு அடக்கினால், வெளியே சொல்ல வழியின்றி அது நாளடைவில் முன்னதாக மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

வீட்டில் தீரக்கூடியது

அலுவலர் மகனின் ஏக்கத்தைத் தீர்க்கப் பணம் தேவையில்லை. பெற்றோரின் மனமாற்றம் போதும். அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவன் கூறும் விடையின்படி நடக்கவும் வேண்டும். வீட்டின் மளிகைப் பட்டியலோ மின்கட்டணமோ தாத்தாவின் மருந்து வாங்கும் பொறுப்போ, ஏதேனும் ஒன்று முற்றிலும் அவனுடையதாக இருக்கட்டும். அவன் மறந்தால் வீட்டில் ஒரு வேலை நிற்க வேண்டும். அப்போதுதான் தான் வேண்டப்படுபவன் என்பதை அவன் உணர்வான்.

வங்கிக் கணக்கும் இதற்குத் துணை செய்யும். 10 வயது நிறைந்த சிறார், வங்கிகள் தத்தம் கொள்கைப்படி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, சேமிப்புக் கணக்கையும் வைப்புத்தொகைக் கணக்கையும் தாமே தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தல் கூறுகிறது. சிறாரின் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க இயலாது என்பதால் கடன்படும் அச்சமும் இல்லை. இத்தகைய கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு செலவுக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் பயன் ஒன்றும் விளையாது. சிறு தொகையில் தவறு செய்து கற்றுக்கொள்ள அவனை விடுவதே அந்தக் கணக்கின் நோக்கம்.

இப்பெற்றோர் தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. “அவனைப் பார், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறான்” என்று நண்பனின் வறுமையைத் தம் மகனுக்குப் பாடமாக்குவது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், அது ஒருவனைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குகிறது. மற்றவனை நண்பன் என்னும் நிலையிலிருந்து இறக்கி, இரக்கத்துக்கு உரியவனாக ஆக்குகிறது. இருவரும் சமமாக உட்கார்ந்திருந்த பெஞ்சு அன்றே சரிந்துவிடுகிறது.

இட்லி வணிகரின் வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுப்பது இழிவன்று. அதனால் வரும் தன்னம்பிக்கையை நண்பனே ஏக்கத்தோடு பார்க்கிறான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதைப் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த வயதைக் கடந்தவனுக்கும் இதே எல்லை பொருந்தும். தொழில் அவன் பொறுப்புணர்வை வளர்க்கலாம், படிப்பு நேரத்தையும் உறக்கத்தையும் விழுங்கக்கூடாது. தேர்வு நெருங்கும் மாதங்களிலாவது நான்கு மணி ஈட்டிலிருந்து அவனை விடுவிக்க முடியுமா என்று வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே தீர வேண்டியது

ஆனால் அந்தத் தந்தை எவ்வளவு முயன்றாலும் பத்துக்குப் பத்து அறையை விரிக்க முடியாது. அங்கே நம் அனைவரின் பொறுப்பும் தொடங்குகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 12(1)(சி) பிரிவின் வழியே, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்கியது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசின் உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. வெவ்வேறு நிலையிலுள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர இச்சட்டம் வழிசெய்தது. ஆனால் அதன் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளரிளம் பருவம் தொடங்கி, ஒப்பீடு கூர்மையடைந்து, எதிர்காலப் பாதைகள் பிரியும் வேளையில் சட்டம் விலகிக்கொள்கிறது. 3 முதல் 18 வயது வரையுள்ள அனைவருக்கும் பள்ளிக் கல்வி என்பதை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இலக்காகக் கூறுகிறது. அவ்விலக்கு உண்மையாக வேண்டுமாயின், இலவச இடம் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது இடம். வீட்டில் மேசை போட முடியாத பிள்ளைகளுக்கு, இரவு பத்து மணி வரை விளக்கெரியும் படிப்பகம் ஒவ்வொரு பகுதியிலும் தேவை. மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து வைக்கப் பெரும் முதலீடு வேண்டியதில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்கு ஒரு பங்கு கிடைத்தாலும் பல்லாயிரம் மாணவர்களுக்கு ஒரு கதவு கிடைத்ததாகும்.

மூன்றாவது கல்விக் கடன். இட்லி வணிகரின் வீட்டில் உயர்கல்வி பற்றிய பேச்சு எழாமைக்கு ஒரு காரணம், பணம் இல்லை என்பது. மற்றொரு காரணம், கடன் கேட்டால் அடமானம் கேட்பார்கள் என்ற அச்சம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்கக்கூடாது. கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் வரும் கல்விக் கடன்கள் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இன்றி வழங்கப்படுகின்றன. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோர் பிணையமும் ஜாமீனும் இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களின் மாணவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 விழுக்காட்டு வட்டி மானியமும் உண்டு. தவணை பொதுவாகப் படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் கழிந்த பிறகே தொடங்குகிறது.

கடன் கடனே என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, முடித்தபின் எத்தகைய வேலை என்பவற்றை ஆராயாமல் கையெழுத்திடுவது ஆபத்து. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் அவசரமாக வங்கிக்கு ஓடுவதைவிட, பத்தாம் வகுப்பிலேயே மகனையும் அழைத்துக்கொண்டு கிளைக்குச் சென்று விவரம் கேட்பது நல்லது. வழி ஒன்று இருக்கிறது என்று அறிந்த மாணவன் படிக்கும் விதமே வேறு. நண்பனுக்கு இரண்டாம் வாய்ப்பு இருப்பதைக் கண்டு ஏங்கியவனுக்கு, முதல் வாய்ப்பாவது உறுதி என்ற தெளிவு பெருந்துணை.

நட்பைக் காப்பது

இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது இவர்களைச் சேர்த்து வைப்பதால் என்ன நன்மை என்று சிலர் கேட்பதுண்டு. தில்லியில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. 2007 முதல் அங்குள்ள பல தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, ஏழை மாணவர்களோடு சேர்ந்து படித்த வசதியுள்ள மாணவர்கள் பிறருக்கு உதவுவதிலும் பகிர்ந்தளிப்பதிலும் முன்நின்றனர். ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கும் போக்கும் அவர்களிடம் குறைந்திருந்தது. தொடர் ஓட்டத்துக்குத் துணையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழை மாணவனை விடுத்து மெதுவாக ஓடும் வசதியுள்ள மாணவனைத் தேர்ந்தெடுப்பது இவர்களிடையே குறைவாக இருந்தது. உபதேசம் கேட்டு இம்மாற்றம் வரவில்லை. ஒரே வகுப்பில் பழகியதால் வந்தது.

ஆனால் இத்தகைய நட்பு தானாக நிலைக்காது. மகாராட்டிரத்தில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் பள்ளியை விட்டு ஜூனியர் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பிரிந்து செல்கின்றனர். பெரும்பாலான நட்புகள் அங்கே முடிகின்றன. சண்டையிட்டுப் பிரிவோர் சிலரே. செலவு செய்ய முடியாமல் விலகுவோர் பலர். உணவகத்தில் பிறந்தநாள், திரையரங்கில் சந்திப்பு என்று ஒவ்வொன்றும் ஒருவனுக்குக் கைச்செலவாகவும் மற்றவனுக்கு மூன்று நாள் யோசனையாகவும் இருக்கிறது. வர இயலாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேலை இருக்கிறது என்கிறான். இரண்டு மூன்று முறை இவ்வாறு கேட்டபின் நண்பன் அழைப்பதை நிறுத்திவிடுகிறான். வசதியுள்ள பெற்றோர் இதைக் கவனித்து, காசு செலவில்லாத சந்திப்புகளுக்கு இடம் கொடுக்கலாம். பூங்காவும் கடற்கரையும் நூலகமும் அதற்குத்தான் இருக்கின்றன. தம் மகன் நண்பன் வீட்டுக்குச் சென்று, பரணில் அமர்ந்து, கொடுத்த இட்லியை உண்டு வருவதற்கும் தடை சொல்லாதிருக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் எப்போதும் விருந்தளித்து, மற்றொரு வீடு எப்போதும் பெற்றுக்கொண்டிருந்தால் அங்கே நட்பு நீடிக்காது.

பிள்ளைகளின் ஏக்கத்தை அடக்குவதற்கு நம்மிடம் பழமொழிகள் ஏராளம். அவற்றைச் சிறிது காலம் ஒதுக்கி வைப்போம். இந்த வாரத்தில் ஒரு நாள், உணவு முடிந்தபின், உங்கள் மகனிடமோ மகளிடமோ கேட்டுப் பாருங்கள்: உன் நண்பர்களுள் யாருடைய வாழ்க்கை உனக்கு வேண்டும் என்று தோன்றுகிறது, அதில் எது வேண்டும்? வரும் விடையைத் திருத்தாமல் கேளுங்கள். அது உங்கள் வீட்டில் தீரக்கூடியதாக இருந்தால், அன்றே தொடங்குங்கள். வீட்டுக்கு வெளியே தீர வேண்டியதாக இருந்தால், அதையும் ஒளிக்காமல் பிள்ளையிடம் சொல்லி, அதற்கான வழிகளை அவரையும் உடன் வைத்துக்கொண்டே தேடுங்கள்.